மொதல்ல கண்ணு எங்க போச்சு?

“…அப்ப என்னையவுந்தான் பாக்குது. இந்தப் பக்கம் நகந்தாலும் பாக்குது, அந்தப் பக்கம் நகந்தாலும் பாக்குது. அப்ப நானும் களவாணியா டீச்சர்?” என்று பெரியதனக்காரர் கேட்டபோது, கோயில் முன்னால் நின்ற சனம் மொத்தமும் டீச்சர் பக்கம் திரும்பியது.

கேட்டவர் அந்த ஊருக்குத் தலைவர். எதிரே நின்றவர், கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் படம் வரையச் சொல்லிக்கொடுத்த டீச்சர். நான் அவரைக் கூட்டிக்கொண்டு போன ஜீப் டிரைவர். என் வண்டியின் பின்பக்கம் ஒரு குடும்பத்தின் சட்டிபானையெல்லாம் ஏறியிருந்தது. அது மலையிறங்கப் போகிறதா இல்லையா என்பது டீச்சர் சொல்லப்போகும் பதிலில் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தப் பதிலைச் சொல்லுமுன் டீச்சரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அவரை அறியாதவர்களுக்கு அது வெறும் திமிராகப் படும்.

எழுபதுகளின் கடைசி அது. எனக்கு வீடு கொடைக்கானலை ஒட்டிய அட்டுவம்பட்டியில். இரண்டு வீடு தள்ளி ஓர் அறையை வாடகைக்குப் பிடித்துத் தனியாக இருந்தார் டீச்சர். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். ஒல்லியான ஆள். ஆம்பளை ஸ்வெட்டர் ஒன்றை முழங்கை வரை சுருட்டிவிட்டுப் போட்டிருப்பார். மழை உண்டோ இல்லையோ, கையில் கறுப்புக் குடை உண்டு. எந்த ஊர்க்காரர் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். நான் கேட்டதில்லை. அவரிடம் எதையும் கேட்கக் கொஞ்சம் தயக்கமாகவே இருக்கும். கேட்ட கேள்வியைத் திருப்பி நம் கையிலேயே கொடுத்துவிடுவார்.

நான் முதலில் மாட்டிக்கொண்டது ஒரு டீக்கடையில். சுவரில் உரக்கடைக் காலண்டர் ஒன்று தொங்கியது. குடிசை, நாலு தென்னை, ஒற்றையடிப் பாதை, பாதையின் இந்தக் கோடியில் குடத்தோடு ஒரு சிவப்புச் சேலைக்காரி. வாய் சும்மா இருக்காதே எனக்கு. “நல்ல படங்க டீச்சர். என்னா ஒரு அமைதி,” என்றேன்.

“அமைதி எங்க இருக்கு? தொட்டுக் காட்டுங்க.”

கேலி என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. எழுந்து போய்த் தேடினேன். குடிசையைத் தொட்டால் குடிசையாக இருந்தது, தென்னையைத் தொட்டால் தென்னையாக இருந்தது. பாய்லர் பக்கம் நின்ற கடைக்காரர், கிடைத்தால் தனக்கும் கொஞ்சம் வாங்கிவரச் சொன்னார், வீட்டில் தேவைப்படுகிறதாம்.

“அது கெடக்கட்டும். மொதல்ல கண்ணு எங்க போச்சு?” என்றார் டீச்சர்.

சேலைக்காரியிடம் போனது என்றேன். அப்புறம்? குடிசைக்கு. யார் கூட்டிக்கொண்டு போனது? யாரும் கூட்டிப் போகவில்லையே, என் கண், அதுவாகப் போனது என்றேன். அவர் எழுந்து வந்து, உள்ளங்கையை வைத்து அந்த ஒற்றையடிப் பாதையை மறைத்தார். என் கண் சேலைக்காரியிடமே நின்றுவிட்டது. குடிசை இருந்த இடத்தில்தான் இருந்தது, போவதற்குத்தான் வழியில்லை. கையை எடுத்தார், கண் போனது. மறுபடி மறைத்தார், நின்றது. பிறகு கட்டைவிரலால் சேலையை மறைத்தார். கண்ணுக்கு எங்கே உட்காருவது என்று தெரியாமல் தென்னை தென்னையாக அலைந்தது.

“கலர் கூப்புடும். கோடு கூட்டிட்டுப் போகும். நம்மளாப் போனோம்னு நெனச்சுக்குவோம்,” என்றார். டீயைக் குடித்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் அஞ்சாவதோடு நின்றவன். கிடைத்த பேப்பரையெல்லாம் வாசித்து வளர்ந்தவன். மனிதர்கள் சொல்கிற நல்ல வார்த்தைகளைப் பொறுக்கிவைப்பது எனக்கு ஒரு வியாதி மாதிரி. அன்றிலிருந்து டீச்சருடைய வார்த்தைகளைச் சேர்க்க ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமை வண்டிக்குச் சவாரி இல்லையென்றால் அவரைக் கூட்டிக்கொண்டு சுற்றுவேன். மாதாகோயில் சன்னல் கண்ணாடி, ஓட்டல் வரவேற்பறையில் மாட்டியிருக்கும் மான் படம், லாரியின் முதுகில் எழுதிய தாமரை எல்லாமே அவருக்குப் படம்தான். எதன் முன்னால் நின்றாலும் அதே கேள்வி. மொதல்ல கண்ணு எங்க போச்சு? அப்பறம் எங்க போச்சு? எங்க போகவே இல்ல?

அந்த மூன்றாவது கேள்வியில்தான் நான் எப்போதும் தோற்பேன். மான் படத்தில் பாதி வெறும் வானம். அங்கே ஒன்றுமில்லையே என்பேன். “வெறும் எடமும் அவரு வச்சதுதான். அத எடுத்துட்டா மானுக்கு மூச்சு முட்டும்,” என்பார்.

நான் ‘சோகமா இருக்குங்க’ என்று ஆரம்பித்தால் கையைக் காட்டி நிறுத்திவிடுவார். “இருக்குறதச் சொல்லுங்க. தோணுறத அப்பறம் சொல்லிக்கலாம்.” கழுத்து வளைந்திருக்கிறது, நீலம் நிறைய இருக்கிறது, வெளிச்சம் ஒரு ஓரத்தில் மட்டும் விழுகிறது என்று நான் ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்லி முடிப்பதற்குள் சோகம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று எனக்கே தெரிந்துவிடும்.

ஒரு நாள் வட்டக்கானல் பக்கம் வண்டியை நிறுத்தச் சொன்னார். எதிரே மலைக்குப் பின்னால் மலை, அதற்குப் பின்னால் மலை. தூரத்து மலை தூரமென்று எதனால் தெரிகிறது என்று கேட்டார். சின்னதாக இருக்கிறது என்றேன். சின்ன மலையாகவும் இருக்கலாமே என்றார். மறுபடி பார்த்தேன். பக்கத்து மலை கறுத்த பச்சை. அடுத்தது நீலம். கடைசி மலை அடுப்புப் புகை மாதிரி. இருபது வருசமாக மூடுபனிக்குள் நான் வண்டி ஓட்டுவதே அதை வைத்துத்தானே என்று அப்போதுதான் உறைத்தது. எதிரே வரும் லாரி புகைபோலத் தெரிந்தால் ஒதுங்க நேரம் இருக்கிறது, கறுப்பாகத் தெரிந்தால் இல்லை. அதைச் சொன்னேன். டீச்சர் சந்தோஷப்பட்டார். ஆனால் உடனே, “ஒருத்தர் படத்துல ஏமாத்தணும்னு நெனச்சா இதையேதான் திருப்பி வைப்பாரு,” என்று ஒரு வார்த்தையையும் சேர்த்துச் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். அன்றைக்கு மூடுபனியில் திரும்பி வரும்போது எதிரே வந்த ஒவ்வொரு விளக்கையும் நம்பாமலேயே ஓட்டினேன்.

அவரோடு பழகுவதில் இருந்த சங்கடமும் அதுதான். ஆட்களையும் அப்படியேதான் பார்ப்பார்.

என் வீட்டுக்காரி ஒரு தீபாவளிக்குப் புதுச் சேலை கட்டிக்கொண்டு போய், எப்படி இருக்கிறது என்று ஆசையாகக் கேட்டாள். டீச்சர் அவளை நிற்க வைத்து நிதானமாகப் பார்த்தார். “கண்ணு மொதல்ல பார்டருக்குப் போகுதுங்க அக்கா. போனது அங்கயே நின்னுருது. ஒங்க மொகத்துக்கு வரல,” என்றார். வீட்டுக்காரி ஒரு வாரம் அந்தப் பக்கம் தலைவைக்கவில்லை. அந்தச் சேலையையும் அப்புறம் கட்டவில்லை. “அது பொய் சொல்லாது. அதாங்க வம்பு,” என்று என்னிடம் சொன்னாள்.

இதைவிடப் பெரிய வம்பு ஓட்டல்காரர் வீட்டில் வந்தது. பெயர் வேண்டாம். செத்துப்போன தகப்பனாரை ஆளுயரத்துக்கு எண்ணெய் ஓவியமாக மதுரையில் எழுதி வாங்கி, ஊரைக் கூட்டித் திரை விலக்கினார். எல்லோரும் உயிரோடு உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது என்றார்கள். டீச்சரையும் ஒரு வார்த்தை சொல்லச் சொன்னார் ஓட்டல்காரர். சொல்லாமல் விட்டிருக்கலாம். “மொகம் இருட்டுல இருக்கு. வெளிச்சம் பூரா கைமேல விழுது. கண்ணு மொதல்ல மோதிரத்துக்குப் போகுது, அப்பறம் கைத்தடிக்குப் போகுது. மொகத்துக்குக் கடைசியாத்தான் வருது,” என்றார். நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை.  செத்தவருடைய சம்சாரம், வயசான அம்மா, மூலையில் உட்கார்ந்திருந்தது. “அவுக இருந்ததும் அப்பிடித்தான்,” என்று சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டது. சிரித்ததா அழுததா என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது.

ஓட்டல்காரர் பள்ளிக்கூடத்துக்கு ஆள் அனுப்பினார். தலைமைச் சிஸ்டர் டீச்சரைக் கூப்பிட்டு, ஊர்ப் பெரிய மனிதர்களிடமிருந்து இன்னொரு புகார் வந்தால் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். டீச்சர் இதை என்னிடம் கோபமோ அழுகையோ இல்லாமல், சுவரில் இருக்கிறதைச் சொல்கிற மாதிரி சொன்னார்.

இந்த நிலைமையில்தான் போளூருக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து ஆள் வந்தது.

வந்தவன் பெரியதனக்காரருடைய தம்பி. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஒரு குடும்பத்தை மலையிறக்கி ஒட்டன்சத்திரத்தில் விட்டுவிட்டு வர வேண்டும் என்றான். ஒட்டன்சத்திரத்தில் எங்கே என்று கேட்டேன். காய்கறி மார்க்கெட்டில் எறக்கிவிட்டால் போதும், அதற்கப்புறம் அது அவர்கள் பாடு என்றான். என்ன விசயம் என்று மெல்லக் கேட்டேன். ஜீப் ஸ்டாண்டில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்.

அந்த ஊர்க் கோயிலில் அம்மன் கண்மேல் சாத்தியிருந்த வெள்ளிக் கண்மலர் காணாமல் போயிருக்கிறது. அது எங்கே போனது என்பது கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கோயில் வாசல் கூட்டுவது ஓர் அம்மா. சிலோனில் தேயிலைத் தோட்டத்தில் இருந்து, கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டு, புருசனோடு வந்து அந்த ஊர்ப் பூண்டுக் காட்டில் கூலிக்கு வேலை செய்த குடும்பம். சந்தேகம் அப்போதே ஒரு ஓரமாக முளைத்திருக்கிறது. ஆனால் யாரும் வாயைத் திறக்கவில்லை.

கோயிலின் வெளிச்சுவரில் காவல்சாமி படம் ஒன்று உண்டு. குதிரை, அரிவாள், மீசை. அந்த ஊரில் எந்த வழக்கும் அந்தச் சாமி முன்னால் சூடம் ஏற்றிச் சத்தியம் பண்ணினால் தீர்ந்தது. அதன் முன்னால் நின்று ஒருவரும் பொய் பேச மாட்டார்கள். படம் உதிர்ந்துபோய்விட்டதால், திருவிழாவுக்கு முன்னால் புதிதாக எழுத ஒட்டன்சத்திரத்தில் லாரிக்குப் பெயிண்ட் அடிக்கிறவரைக் கூட்டி வந்திருக்கிறார்கள். எல்லாம் எழுதி முடித்து, கண்ணை மட்டும் விட்டுவைத்து, நல்ல நேரம் பார்த்துத் திறந்திருக்கிறார்கள். முதல் பார்வை ஆள்மேல் படக்கூடாது என்று சனம் ஒதுங்கி நிற்க, எதிரே கண்ணாடியைக் காட்டி, பிறகு எல்லோரும் முன்னால் வந்து கும்பிட்டிருக்கிறார்கள். அப்போது கூட்டத்தின் கடைசியில் நின்ற அந்த அம்மா, உடம்பெல்லாம் நடுங்க, “சாமி என்னையப் பாக்குது,” என்று சொல்லியிருக்கிறது.

அவ்வளவுதான். சாமியே காட்டிக்கொடுத்துவிட்டது, அவளே வாயால் ஒத்துக்கொண்டாள் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் டீச்சரிடம் இதைச் சொன்னேன். ஊர்க்கதை சொல்கிற ருசியில் சொன்னேன், வேறொன்றும் நினைக்கவில்லை. அவர் வாசற்படியில் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

“அந்தம்மா என்ன சொன்னாங்க? சொன்ன வார்த்தையவே சொல்லுங்க.”

சொன்னேன்.

“நான் எடுத்தேன்னு சொன்னாங்களா?”

“அப்பிடிச் சொல்லலைங்க.”

“மத்தவங்கள யாரப் பாத்துச்சாம்?”

அதை யாரும் சொல்லவில்லையே என்றேன். சொல்லும்போதே எனக்கு என்னவோ போல இருந்தது. டீச்சர் குடையின் கம்பியைத் திறந்து திறந்து மூடினார். தானும் வருவதாகச் சொன்னார்.

வேண்டாம் என்றேன். அந்த ஊர் உருளைக்கிழங்குதான் பள்ளிக்கூட ஹாஸ்டலுக்குப் போகிறது. பெரியதனக்காரர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஓட்டல்காரரே தேவையில்லை. அது தெரியும் என்றார். போய் என்னதான் சொல்லப் போகிறீர்கள் என்றேன். “படத்தப் பாக்காம எப்பிடிங்க சொல்றது?” என்றார்.

வெள்ளனே கிளம்பினோம். மன்னவனூர் தாண்டினோம். பாதை சகதி, வண்டி ஒரு பக்கம் இழுத்தது. அப்புறம் அவராகச் சொன்னார், கறுமணி கண்ணின் ஓரத்தில் இருந்தால் பார்வை ஒரு பக்கத்துக்குத்தான் போகும், அப்புறம் என்னால் ஒன்றும் பேச முடியாது, பேசாமல் திரும்பிவிடுவேன் என்று. அப்படியென்றால் அந்தக் குடும்பம் என்று கேட்டேன். அவர் வெளியே பூண்டு வயலைப் பார்த்தார். எனக்கு அவர்மேல் கோபமே வந்தது. இரக்கப்பட்டாவது ஒரு வார்த்தை கூட்டிச் சொல்ல மாட்டாரா ஒரு மனுசி?

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கோயில் முன்னால் ஊர் கூடியிருந்தது. வண்டியை நிறுத்தினேனோ இல்லையோ, தம்பி ஆட்களை ஏவிச் சாமான்களை ஏற்ற ஆரம்பித்தான். அலுமினியச் சட்டி, பாய், ஒரு சாக்கு அரிசி, சிலோனிலிருந்து கூடவே வந்த தேயிலைப் பெட்டி ஒன்று. அந்த அம்மா சின்ன உருவம். புருசன் கால் விளங்காமல் ஒரு குச்சியை ஊன்றி நின்றார். இரண்டு பேரும் சாமான்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டீச்சர் வண்டியிலிருந்து இறங்கினார். நேராகச் சுவர் முன்னால் போய் நின்றார்.

நானும் பார்த்தேன்.  லாரிக்குப் பெயிண்ட் அடிக்கிறவர் நன்றாகத்தான் எழுதியிருந்தார். லாரிக்குப் பின்னால் திருஷ்டிக்கு எழுதுகிற பூதத்துக்கு வைக்கிற அதே கண். பெரிய வெள்ளை, நட்டநடுவில் கறுப்பு. அது என்னைத்தான் பார்த்தது. நான் ஜீப்பின் கதவோரம் நகர்ந்தேன். அப்போதும் பார்த்தது.

கொடைக்கானல் டீச்சர் சாமி படம் பார்க்க வந்திருக்கிறார் என்றதும் சனத்துக்குப் பெருமை. பெரியதனக்காரர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து கும்பிட்டார். நரைத்த மீசை, நிதானமான ஆள். “நல்லா வந்திருக்கா டீச்சர்?” என்றார்.

கண்தான் முதலில் கூப்பிடுகிறது என்றார் டீச்சர். பெரியதனக்காரர் தலையாட்டினார். கறுமணி நடுவில் இருக்கிறது, இரண்டு பக்கமும் வெள்ளை ஒரே அளவு, பாருங்கள் என்றார். அதற்கும் தலையாட்டினார். பழைய படத்தில் எப்படி இருந்தது என்று டீச்சர் கேட்டார். பெரியதனக்காரர் யோசித்து, அது பாதிக் கண் மூடின மாதிரி, குதிரையின் பிடரியைக் குனிந்து பார்க்கும் என்றார்.

“கண்ணு தொறந்தன்னைக்கு அந்தம்மா எங்க நின்னாங்க?”

 கூட்டத்தின் வலது கடைசியை யாரோ காட்டினார்கள். டீச்சர் அந்த அம்மாவைக் கூப்பிட்டு அங்கே போய் நிற்கச் சொன்னார். அது போய் நின்றது. “இப்ப சாமி யாரப் பாக்குதும்மா?”

இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது. அந்த அம்மா நினைத்திருந்தால், யாரையும் பார்க்கவில்லை, அன்றைக்கு ஏதோ மயக்கத்தில் சொல்லிவிட்டேன் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். புருசன்கூடக் கண்ணாலேயே ஏதோ சாடை காட்டினார். அந்த அம்மா சுவரைப் பார்த்தது. கை இரண்டும் தானாகக் கூப்பிக்கொண்டன.

“என்னையத்தாங்க பாக்குது. அன்னைக்கும் பாத்துச்சு, இன்னைக்கும் பாக்குது. சாமி முன்னால நான் பொய் கதைக்க மாட்டேன்.”

சனம் கொதித்தது. தம்பி என் வண்டியின் பலகையைத் தட்டி, கேட்டீர்களா, ரெண்டாந்தரமும் அவள் வாயாலேயே வந்துவிட்டது, மிச்சத்தையும் ஏற்றுங்கள் என்று சத்தம் போட்டான். புருசன் தரையில் உட்கார்ந்துவிட்டார். டீச்சர் தன் கையாலேயே அந்தக் குடும்பத்துக் கதையை முடித்துவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன்.

டீச்சர் பெரியதனக்காரர் பக்கம் திரும்பினார். இவர் நின்றது இடது ஓரம், கோயில் மணிக்குப் பக்கத்தில்.

“நீங்க நிக்கிற எடத்துல இருந்து பாத்தா யாரப் பாக்குதுங்க?”

“அவளத்தான்.”

“அவங்க அந்தக் கடைசியில நிக்கிறாங்க. அவங்களப் பாக்காம, சாமி கண்ண மட்டும் பாத்துச் சொல்லுங்க.”

தம்பி பாய்ந்து வந்தான். “ஏலே, யாரு இந்தப் பொம்பள? எங்க சாமி முன்னாடி எங்க அண்ணனச் சோதிக்கிறதுக்கு இது யாரு? டிரைவர், மரியாதையா இதையும் ஏத்திக்கிட்டுக் கெளம்புங்க.” நாலைந்து பேர் அவன் பின்னால் வந்தார்கள். நான் டீச்சருக்கும் அவனுக்கும் நடுவில் போய் நின்றேன்.  டீச்சர் நின்ற இடத்தில் நின்றார். குடையை மட்டும் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

பெரியதனக்காரர் கையைத் தூக்கினார். தம்பி வாயை மூடினான்.

அவர் சுவரைப் பார்த்தார். அந்த ஊரில் எத்தனையோ பேரை அதே சுவர் முன்னால் நிற்கவைத்துச் சத்தியம் வாங்கியவர். வேறு எங்கே வைத்துக் கேட்டிருந்தாலும் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார். இங்கே முடியாது. நாலடி வலது பக்கம் நகர்ந்து பார்த்தார். திரும்பி வந்து, மணியையும் தாண்டி இடது பக்கம் போய்ப் பார்த்தார்.  பின்னால் நின்ற பொம்பளைகளில் இரண்டு பேர் சுவரைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களையும் அது பார்த்திருக்கிறது, அன்றைக்கே பார்த்திருக்கிறது. சொன்னது ஒருத்திதான்.

அப்போதுதான் அவர், தானும் களவாணியா என்று டீச்சரைக் கேட்டார். அதில் கோபம் இருந்தது. கோபத்துக்கு அடியில் பயமும் இருந்தது.

இல்லைங்க, நீங்கள் பெரிய மனிதர், உங்களை யார் சொல்வார்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் டீச்சர் வேலை தப்பிக்கும். ஆமாம் என்று குத்திக்காட்டினால் அந்தக் கூட்டத்திலிருந்து நாங்கள் முழுசாகத் திரும்பியிருக்க மாட்டோம். டீச்சர் சுவரை இன்னொரு தடவை பார்த்தார், தான் எதையாவது விட்டுவிட்டோமா என்று சரிபார்க்கிற மாதிரி.

“களவாணின்னு படத்துல எங்கயும் இல்லைங்க. கண்ணு இருக்கு. அது பாக்குது. மத்ததெல்லாம் நம்ம கொண்டாந்தது,” என்றார்.

அவ்வளவுதான் அவர் சொன்னது. அந்த அம்மாவை விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை. நியாயம் பேசவில்லை. அந்த ஊரைத் திட்டவும் இல்லை.

 பெரியதனக்காரர் இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். சாமி முன்னால் துண்டை அவிழ்க்கிறாரே என்று சனம் பதறியது. அதைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு, நேராக என் ஜீப்பின் பின்பக்கம் வந்தார்.

“டிரைவர், அந்தத் தேயிலைப் பெட்டியத் தூக்கிவிடுங்க.”

தம்பி ஓடிவந்து, அண்ணே, நீங்க எதுக்கு என்று பெட்டியில் கை வைத்தான். அவன் கையை எடுத்துவிட்டார்.

“நீ போயி சாமி முன்னால நில்லு. நின்னு பாரு. யாரப் பாக்குதுன்னு நான் திரும்பி வந்ததும் எனக்குச் சொல்லணும்.”

நான் தூக்கிவிட்டேன். கனம்தான். கழுத்து நரம்பு புடைக்க அதைத் தலையில் ஏற்றிக்கொண்டு, கூலிக்காரர்கள் குடிசை இருந்த சரிவுப் பக்கம் திரும்பினார். அந்த அம்மா பதறிப்போய் எதிரே வந்து, வேண்டாங்க ஐயா, நான் எடுத்துக்கிறேன் என்று கையை நீட்டியது.

“முன்னால போம்மா. வழி காட்டு,” என்று சொல்லிவிட்டு, பெட்டியோடு இறங்க ஆரம்பித்தார்.